எந்தப் படி, எந்தக் கலம்? – வழக்கு அளவைகளை மெட்ரிக்குக்கு மாற்றுவது குறித்து

இந்தச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. ஒரு படி எத்தனை லிட்டர், ஒரு வீசை எத்தனை கிலோ, ஒரு காதம் எத்தனை கிலோமீட்டர் என்பவை பள்ளிக்கூடக் கணக்குகள். பழைய வாய்ப்பாட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் இவற்றுக்கு அட்டவணை இருக்கும். இடப்பக்க அளவை வலப்பக்க எண்ணால் பெருக்கினால் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அப்படி முடிவதில்லை என்பதே என் வாதம். ஒரு வழக்கு அளவைச் சரியாக மாற்ற நான்கு செய்திகள் வேண்டும்: எந்த ஊர் அளவு, எந்தப் பொருளை அளந்தது, எப்படி அளந்தது, எந்தக் காலத்தில் அளந்தது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் விடை பிசகக்கூடும். பிசகினால் அரைக்காலும் வீசமும் பிசகுவதில்லை. மூன்று மடங்கும் நான்கு மடங்கும் பிசகுகிறது.

இதை விளக்க நாம் கூடியிருக்கும் குப்பனூரே நல்ல இடம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்தால் சமவெளி முடிந்து சேர்வராயன் மலை தொடங்கும் அடிவாரம் இது. இங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஒரு பாதை ஏறுகிறது. தமிழ் வாய்ப்பாடு தொலைவுக்குத் தரும் அளவைகளில் நாழிகை வழி ஒன்று, காதம் மற்றொன்று. ஏழு நாழிகை வழி ஒரு காதம். நாழிகை என்பது 24 நிமிடம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் ஒரு நாழிகையில் 2 கிலோமீட்டர் கடப்பார். அந்த நடையில் காதம் 14 கிலோமீட்டர். காதம் பத்து மைல் என்று எழுதுவோர் இன்னும் வேகமான நடையைக் கருதுகிறார்கள். அது 16 கிலோமீட்டர். இந்த இரண்டு கிலோமீட்டர் வேறுபாடு சமவெளியிலேயே வந்துவிடுகிறது. குப்பனூரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் கணக்கு வேறாகிறது. சேலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. தலைச்சுமையோடு 1,200 மீட்டர் ஏறுகிறவரின் நடை பாதியாகக் குறைந்தால் அவருடைய காதம் 7 கிலோமீட்டர்தான். அவர் அளவு தவறு என்று சொல்ல முடியாது. நாழிகை வழி காலத்தால் தொலைவைச் சொல்லும் அளவை; தரையின் நீளத்தோடு ஏற்றத்தின் பாடும் அதில் அடங்கியிருக்கிறது. ‘ஊருக்கு மூன்று நாழிகை வழி’ என்று ஒரு பழைய குறிப்பு இருந்தால், அது மலைவழியா சமவெளி வழியா என்று பார்க்காமல் ஆறு கிலோமீட்டர் என்று எழுதுவது மலையைத் தரையாக்கி எழுதுவதாகும்.

அட்டவணைக்கு மிகவும் சாதகமான இடத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நிறுத்தல் அளவையில் அட்டவணை நன்றாகவே வேலை செய்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1833-ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குமுறை, தோலாவை 180 கிரெயின் எடையுள்ள ரூபாய் நாணயத்தோடு இணைத்தது. அதனால் தோலா 11.6638 கிராம் என்று நான்கு தசம இலக்கம் வரை சொல்ல முடிகிறது. சென்னை மாகாணத்தில் 3 தோலா ஒரு பலம்; 8 பலம் ஒரு சேர்; 5 சேர் ஒரு வீசை; 8 வீசை ஒரு மணங்கு; 20 மணங்கு ஒரு கண்டி. ஆகவே பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1.4 கிலோ. இந்த வரிசையில் ஐயத்துக்கு இடமில்லை. சட்டம் அடித்தளம் போட்டிருக்கிறது. ஆனால் இதே வரிசையை மேலே ஏறிப் பார்த்தால் விரிசல் தெரிகிறது. மணங்கு 960 தோலா, அது 24.69 ராத்தல் (பவுண்டு) ஆகிறது. வணிகர்களும் கிழக்கிந்தியக் கும்பினியும் அதை முழு எண்ணாக்கி 25 ராத்தல் என்று வைத்துக்கொண்டார்கள். கண்டி 500 ராத்தல் ஆனது. தோலாக் கணக்கில் கண்டி 224 கிலோ. ராத்தல் கணக்கில் 226.8 கிலோ. ஒரு கண்டிக்கு மூன்று கிலோவை ஒட்டிய இடைவெளி. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்த பிறகு, இந்த மலையின் விளைச்சல் கடல் கடந்த வணிகத்துக்குப் போனது. அங்கே நூறு கண்டி என்றால் இந்தச் சிறு இடைவெளியே 285 கிலோவாக நிற்கும். மிகத் திட்டமாக வரையறுக்கப்பட்ட அளவிலேயே யார் கணக்கு என்று கேட்கவேண்டி இருக்கிறது.

ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சேரும் மணங்கும் சான்று. தமிழ்நாட்டுச் சேர் 24 தோலா. வங்காளச் சேர் 80 தோலா. முன்னது 280 கிராம். பின்னது 933 கிராம். மணங்கு இங்கே 11.34 கிலோ, வங்காளத்து மணு 40 சேர் கொண்டது, 37.32 கிலோ. ஆங்கிலத்தில் எழுதிய அதிகாரிகள் இரண்டையும் ஒரே பெயரால் எழுதினார்கள். 1956-ஆம் ஆண்டு எடை, அளவைத் தரச் சட்டம் தன் மாற்றல் அட்டவணையில் எடுத்துக்கொண்டது 80 தோலாச் சேரையும் அதன் மணுவையும்தான். நாடு முழுவதற்குமான சட்டம் என்பதால் அது இயல்பு. ஆனால் அந்த அதிகாரபூர்வ எண்ணை எடுத்து ஒரு சேலத்துப் பழைய கணக்கையோ ஒரு சித்த மருந்துக் குறிப்பையோ மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல் தவறும். ஒரு தைலத்துக்கு ஒரு சேர் சரக்கு என்று எழுதியிருப்பதை 933 கிராம் என்று எடுத்துக்கொண்டால் மருந்தின் செய்முறையே குலையும். பெருக்கல் சரியாகத்தான் இருக்கும். பெருக்க எடுத்த எண்தான் வேறு ஊருடையது.

முகத்தல் அளவைக்கு வந்தால் சிக்கல் பெருகுகிறது. வாய்ப்பாடு அழகானது: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். குறுணிதான் மரக்கால். ஆகக் கலம் என்பது 12 மரக்கால், 96 நாழி. இந்த ஏணியின் படிகளுக்கிடையே உள்ள விகிதம் நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஏணியை எந்தத் தரையில் ஊன்றினார்கள் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறியது. சென்னைப் பட்டணத்தில் படி 100 கன அங்குலம் என்று வரையறுத்தார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், 800 கன அங்குலம். பட்டணம் படி இன்றைய கணக்கில் 1.64 லிட்டர். வாய்ப்பாட்டை மட்டும் நம்புகிறவர் நாழிதான் படி என்று வைத்து, கலம் 96 பட்டணம் படி, அதாவது 157 லிட்டர் என்பார். ஆனால் தஞ்சைப் பகுதியில் வழங்கிய கலம் ஏறத்தாழ 24 பட்டணம் படி, 39 லிட்டர். நான்கில் ஒரு பங்கு. தஞ்சைக் கோயில் ஒன்றுக்கு நூறு கலம் நெல் எழுதிவைத்ததாக ஒரு சாசனம் சொன்னால், அட்டவணையின் துணையோடு அந்தக் கொடையாளியை நான்கு மடங்கு வள்ளலாக்கிவிடலாம். அந்த நிலத்தின் விளைச்சலையும் நான்கு மடங்காக்கிவிடலாம். பிறகு அந்தக் காலத்துச் செழிப்பைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதலாம்.

அடுத்து, எப்படி அளந்தார்கள் என்ற கேள்வி. தானியத்தைப் படியில் இட்டுத் தலைதட்டி அளக்கலாம், குவித்தும் அளக்கலாம். பட்டணம் படியில் தலைதட்டிய அரிசி 120 தோலா, குவித்த அரிசி 132 தோலா என்பது அக்காலக் கணக்கு. கிலோவில் சொன்னால் 1.40, 1.54. பத்து விழுக்காடு வேறுபாடு. இந்தப் பத்தும் நிலையானதன்று. பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. குவியல் ஒரு கூம்பு. தானியம் சரியும் கோணம் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். வாய் 10 சென்டிமீட்டர் அகலமானால் கூம்பில் நிற்பது 76 கன சென்டிமீட்டர். வாய் 14 சென்டிமீட்டரானால் 207. அகலம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை. குவியல் மூன்று மடங்கை நெருங்குகிறது, ஏனென்றால் கூம்பின் கனம் வாயகலத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. இரண்டும் பட்டணம் படி அளவான பாத்திரங்கள் என்றால், தண்ணீர் ஊற்றினால் ஒரே அளவு பிடிக்கும். தலைதட்டினால் ஒரே அளவு தானியம் பிடிக்கும். குவித்து அளந்தால் மட்டும் வாயகன்ற பாத்திரம் 8 விழுக்காடு கூடுதலாகக் கொள்ளும். ஆகவே ‘ஒரு படி 1.64 லிட்டர்’ என்பது தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் சரி. குவித்து அளந்த அரிசிக்கு அது பாதி உண்மைதான். இதோடு பொருளும் மாறும். அரிசி, நெல், கேழ்வரகு, சாமை ஆகியவை படிக்கு ஒரே எடை நிற்பவை அல்ல. உமியோடு கூடிய நெல் அரிசியைவிட இலேசு. எனவே படியைக் கிலோவாக மாற்றும் எந்த எண்ணும் ஒரு குறிப்பிட்ட தானியத்துக்கும் ஒரு குறிப்பிட்ட அளக்கும் முறைக்குமே செல்லும்.

இந்த வேறுபாடுகளை வெறும் சிதறல் என்று தள்ளிவிட முடியாது. அவற்றில் ஒரு திசை இருந்தது. வாங்கும்போது குவித்து அளப்பவர் கொடுக்கும்போது தலைதட்டி அளக்கலாம். குத்தகை நெல்லுக்குப் பெரிய மரக்கால், கூலி நெல்லுக்குச் சின்ன மரக்கால் வைத்திருக்கலாம். ஐரோப்பாவில் இதே வழக்கம் நிலவியதைப் போலந்து நாட்டு வரலாற்றறிஞர் விட்டோல்ட் கூலா தம் அளவைகளைப் பற்றிய நூலில் 1970-இல் விரிவாகக் காட்டினார்; நிலப்பிரபுவின் பாத்திரத்தின் வாயகலம் அங்கே ஓர் அரசியல் கேள்வியாகவே இருந்தது. 1789-இல் பிரெஞ்சு மக்கள் மன்னருக்கு எழுதிய குறைமனுக்களில் ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஊரிலும் அதற்குச் சான்று உண்டு. 1940-களில் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. கூலி எத்தனை மரக்கால் என்பதோடு எந்த மரக்கால் என்பதையும் அவர்கள் கேட்டார்கள். முதல் கேள்விக்கு மட்டும் விடை பெற்றால் ஏமாறுவோம் என்பது களத்தில் நெல் வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலக் கூலியை இன்று கிலோவாக மாற்றி எழுதுகிற ஆய்வாளர் ஒரே சராசரி எண்ணால் பெருக்கினால், அந்தப் போராட்டத்தின் காரணமே அவர் அட்டவணையில் காணாமல் போகும்.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் என்று நினைக்கக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லைச் சொல்லும்போது எண்ணோடு நிறுத்துவதில்லை. இராஜகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று மரக்காலின் பெயரைச் சொல்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நகைகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். நிலத்தை உலகளந்த கோலால், பதினாறு சாண் கோலால் அளந்ததாகச் சோழர் காலச் சாசனங்கள் குறிக்கின்றன. வேறு கோயில்களில் அளவுகோலின் நீளத்தையே சுவரில் வெட்டிவைத்தார்கள். முதலாம் இராஜராஜன் காலத்துக் கணக்கர்கள், கி.பி. 1010-ஐ ஒட்டி, ‘நூறு கலம்’ என்ற சொல் தனியாக நின்றால் அரைகுறைச் செய்தி என்பதை உணர்ந்து, எந்த மரக்கால் என்பதையும் கல்லில் ஏற்றினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து நாம் அந்தக் கல்வெட்டைப் படித்து, மரக்காலின் பெயரை விட்டுவிட்டு, எண்ணை மட்டும் எடுத்து லிட்டராக்குகிறோம். அவர்கள் பாடுபட்டுப் பதித்த செய்தியை நாம் பாடின்றித் துடைக்கிறோம்.

நில அளவையிலும் இதே கதைதான். அங்கே எண்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. தஞ்சைப் பகுதியில் பன்னிரண்டடிக் கோலின் சதுரம் ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, 6.61 ஏக்கர். சென்னை வட்டாரத்திலோ இருபத்துநான்கடிக் கோலின் சதுரம் ஒரு குழி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். இன்றைக்கும் சென்னையில் வீட்டுமனை விற்போர் சொல்லும் கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை, அந்தக் காணியின் இருபத்துநான்கில் ஒரு பங்கு. கோலின் நீளம் இரு மடங்கானதால் குழியின் பரப்பு நான்கு மடங்கானது. குழி என்ற பெயரையும் நூறு என்ற எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு ஏக்கர் கணக்குப் போட்டால் கால்பங்கு நிலமோ நான்கு பங்கு நிலமோ கைக்கு வரும். ஒரு பத்திர வழக்கில் இது கல்விச் சிக்கலாக நிற்காது. வரப்புச் சண்டையாக முடியும்.

மலையிலும் கொங்கு நாட்டிலும் நிலத்தைச் சொல்ல வேறொரு வழி இருந்தது. அது விதைப்பாடு. இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை வள்ளம் விதைப்பாடு என்று விதையின் அளவால் நிலத்தைச் சொல்வது. நெல்லை மாவட்டத்தில் கோட்டை விதைப்பாடு என்பது இதே வகை. வள்ளம் முகத்தல் அளவை. நான்கு படி கொண்டது. அதே பெயர் கொங்கில் நில அளவையாகவும் வழங்கி, ஏறத்தாழ நான்கு ஏக்கரை ஒட்டிய ஒரு பரப்பில் நிலைத்தது. ஆனால் விதையால் நிலத்தை அளக்கும்போது பயிர் எது என்ற கேள்வி தானாக எழுகிறது. நேரடி விதைப்பு நெல்லுக்கு ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை தேவை. சாமைக்கு 4, 5 கிலோ போதும். ஒரே வள்ளம் விதை சாமையானால் நெல்லைவிடப் பல மடங்கு நிலத்துக்குப் பரவும். சரிவான கொல்லையில் மழை அடித்துப் போவதற்கென்று சற்று அடர்த்தியாகத் தூவுவோரும் உண்டு. அப்போது அதே விதை குறைந்த நிலத்தோடு முடியும். சேலநாடு, முகநாடு, முட்டநாடு என்ற பிரிவுகளில் வாழ்ந்த சேர்வராயன் மலை மக்களைப் போன்ற குடியானவர்களுக்கு விதைப்பாடு பயனுள்ள அளவாகவே இருந்திருக்கும்: எவ்வளவு விதை எடுத்து வைக்க வேண்டும், உழைப்பு எவ்வளவு ஆகும் என்பதை அது நேராகச் சொல்கிறது. சதுர அடி இதைச் சொல்லாது. ஏக்கர் கணக்கில் சமமான இரண்டு கொல்லைகளில் ஒன்று பாறையும் சரிவுமாக இருக்கலாம். விதைப்பாட்டில் அந்த வேறுபாடு தெரியும். எனவே விதைப்பாட்டை ஏக்கராக மாற்றும்போது ஒரு செய்தியைப் பெறுகிறோம், ஒரு செய்தியை இழக்கிறோம். பெறுவது பரப்பு, இழப்பது மண்ணின் தன்மை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு: இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தானே மெட்ரிக் முறை வந்தது? 1957 ஏப்ரலில் காசு பதின்மமானது. 1958 அக்டோபரில் கிலோ வரத் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் அது நாடு முழுவதும் கட்டாயமானது. இப்போது 2009-ஆம் ஆண்டு சட்டமுறை அளவியல் சட்டம் இருக்கிறது. பழைய படிகளைக் கிளறுவானேன்? இந்த மறுப்பின் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். வாங்கல் விற்றலுக்கு மெட்ரிக்கே வேண்டும். முத்திரை மரக்கால் கேட்டவர்களின் கோரிக்கை நாடளாவி நிறைவேறிய வடிவம் என்றே அதைச் சொல்லலாம். பழைய அளவைகளை ஏக்கத்தோடு பேசுவோர் அவற்றால் ஏமாந்தவர்களை மறந்து பேசுகிறார்கள். ஆனால் மறுப்பின் இரண்டாம் பாதி நிற்காது. கடையில் படி போனதே தவிர, ஆவணத்தில் போகவில்லை. கல்வெட்டு, செப்பேடு, குத்தகைச் சீட்டு, கோயில் படித்தரம், மருத்துவச் சுவடி, பஞ்சகாலத்து விலைக் குறிப்பு, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்க, பேச்சில் ஏக்கரும் சென்ட்டும் வழங்க, மூலப்பத்திரத்தில் வேறொன்று இருக்கும் நிலம் தமிழ்நாட்டில் ஏராளம். மெட்ரிக் முறை வந்ததால் மாற்றும் வேலை முடியவில்லை, அப்போதுதான் தொடங்கியது.

இரண்டாம் மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்து வருவது. ஒவ்வொரு படிக்கும் ஊர் தேடிக்கொண்டிருந்தால் எந்தப் பொருளாதார வரலாறும் எழுத முடியாது. நூற்றுக்கணக்கான குறிப்புகளைச் சேர்க்கும்போது கூடுதலும் குறைதலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆகவே ஒரு சராசரி போதும் என்பார்கள். தவறுகள் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறினால் இந்த வாதம் செல்லும். ஆனால் மேலே பார்த்த தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல. தஞ்சைக் கலத்தைப் பட்டணக் கலமாக எடுத்தால் எப்போதும் நான்கு மடங்கு கூடும், ஒருபோதும் குறையாது. கூலியைக் குவித்த படியாக எண்ணினால் எப்போதும் கூலிக்காரருக்குக் கூடுதலாகக் கிடைத்ததாகவே காட்டும். ஒரே பக்கம் சாயும் தவறை ஆயிரம் முறை கூட்டினாலும் அது அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். மேலும் சராசரியை நாடுவோர் ஊரும் முறையும் எழுதியிருக்கும் ஆவணங்களையும் எழுதாத ஆவணங்களோடு சேர்த்தே கரைத்துவிடுகிறார்கள். தெரிந்ததையும் தெரியாததாக்கும் சிக்கனம் இது.

மூன்றாம் மறுப்பு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது: இவ்வளவு ஐயம் இருந்தால் எதையுமே மாற்றக் கூடாதே, பழைய அளவைப் பழைய அளவாகவே விட்டுவிடலாமே? அதுவும் சரியில்லை. மாற்றாமல் விட்டால் இன்றைய வாசகருக்கு அந்த எண் வெறும் ஓசைதான். ஐயத்தின் அளவையும் சேர்த்துச் சொல்லி மாற்ற வேண்டும் என்பதே என் நிலை. தோலாவை 11.66 கிராம் என்று எழுதலாம். சட்டம் பின்னால் நிற்கிறது. தஞ்சைக் கலத்தை ‘ஏறத்தாழ 40 லிட்டர்’ என்று எழுதலாம், 39.33 என்று எழுதுவது நம்மிடம் இல்லாத நுட்பத்தை இருப்பதாகக் காட்டுவது. சேர்வராயன் சிகரம் 5,326 அடி என்று அளந்திருக்கிறார்கள். அதை 1,623 மீட்டர் என்று எழுதுவது முறை. ஆனால் ஏதோ ஒரு பயணி ‘ஐயாயிரம் அடி உயரம்’ என்று மதிப்பாகச் சொன்னதை 1,524 மீட்டர் என்று எழுதினால், அவர் சொல்லாத துல்லியத்தை அவர் வாயில் வைக்கிறோம். ‘ஏறத்தாழ 1,500 மீட்டர்’ என்பதே அவருடைய கூற்றின் சரியான மாற்றம். மூல எண்ணில் எத்தனை இலக்கத்துக்கு உறுதி இருந்ததோ அத்தனை இலக்கமே விடையிலும் இருக்க வேண்டும். கணிப்பொறி எட்டு இலக்கம் தருவதால் ஆவணத்துக்கு எட்டு இலக்க அறிவு வந்துவிடாது.

அப்படியானால் நடைமுறையில் செய்ய வேண்டியவை சில. மூல அளவை எப்போதும் முதலில் எழுத வேண்டும். மாற்றிய எண் அதன் பக்கத்தில் நிற்கலாம், அதன் இடத்தில் நிற்கக் கூடாது. ஊர், பொருள், அளந்த முறை, ஆண்டு ஆகிய நான்கில் தெரிந்ததை எழுதி, தெரியாததைத் தெரியாது என்று குறிக்க வேண்டும். ஒரே எண்ணைவிடக் கீழெல்லை, மேலெல்லை என்ற இரண்டு எண்களே பல இடங்களில் உண்மைக்கு நெருக்கம். ஆவணத்துக்குள்ளேயே சோதனையும் தேட வேண்டும். நூறு குழி நிலத்துக்கு எழுதிய விளைச்சல் எந்த மண்ணிலும் விளையாத அளவாக வந்தால், குழியோ கலமோ பிழையாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரே நிலம் பழைய பத்திரத்தில் வள்ளக் கணக்கிலும் பின்வந்த சர்வே பதிவில் ஏக்கரிலும் இருந்தால், அந்த இரண்டு எண்களே அந்த ஊரின் மாற்றல் விகிதத்தைத் தந்துவிடும். எந்த அச்சிட்ட அட்டவணையையும்விட அது நம்பத்தக்கது. அப்படிப்பட்ட இரட்டைப் பதிவுகளை ஊர்வாரியாகத் திரட்டுவது ஒரு முதுகலை மாணவரால் முடிகிற வேலை.

இன்னொரு வேலைக்குப் பட்டமும் தேவையில்லை. மலைமேல் ஊர்களிலும் அடிவாரத்திலும் பல வீடுகளில் பழைய படி, உழக்கு, வள்ளம் பரணில் கிடக்கும். அவற்றைப் பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் போடுமுன் மூன்று செய்திகளை எழுதிவையுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைத் தராசில் நிறுங்கள். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர், ஆகவே தலைதட்டிய கொள்ளளவு கிடைத்துவிடும். வாயின் அகலத்தை அளந்து எழுதுங்கள். குவித்தால் எவ்வளவு கொள்ளும் என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். அதில் முத்திரையோ எழுத்தோ இருந்தால் படியெடுத்து, அந்தப் பாத்திரத்தால் எந்தத் தானியத்தை எப்படி அளந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் ஒரு பிற்பகலில் மாணவர்களைக் கொண்டு ஓர் ஊரின் பாத்திரங்கள் அத்தனையையும் இப்படிப் பதிந்துவிட முடியும். குப்பனூர்ப் படி எத்தனை லிட்டர் என்ற கேள்விக்கு விடை எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் கிடைக்காது. அது இந்த ஊர் வீடுகளில்தான் இருக்கிறது. அதை இந்தத் தலைமுறையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.